ஜப்பானில் முதல் ஆண்டு: எதை எந்த வரிசையில் செய்வது, எங்கே தடுக்கும்

ஜப்பானுக்கு வேலைக்கு வந்தவர்கள் முதல் சில மாதங்களில் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை கலாச்சாரத்தைப் பற்றியவையே அல்ல. வங்கிக் கணக்கு திறக்கக் கைபேசி எண் வேண்டும். கைபேசி இணைப்பு வாங்க வங்கிக் கணக்கோ கிரெடிட் கார்டோ வேண்டும். இரண்டுக்கும் முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். வீடு பிடிக்கப் போனால் மறுபடி கைபேசி எண் கேட்கிறார்கள். இப்படியே சில வாரம் சுற்றிவிட்டு, "இந்த ஊர் நமக்கு ஒத்துவராது" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

வரிசை தெரிந்தால் இந்த அலைச்சலில் பாதிக்கு மேல் இல்லாமல் போகும். மீதி வேறு ரகம். வெளிநாட்டவர் என்பதால் வீடு கிடைக்காமல் போவது, ரயிலில் பக்கத்து இருக்கை காலியாகவே கிடப்பது, தெருவில் போலீஸ் நிறுத்துவது. அவற்றுக்கு வரிசை உதவாது. வேறு ஏற்பாடு வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால்தான் எதற்கு எவ்வளவு வருத்தப்படுவது என்று தெரியும்.

டோக்கியோவின் நிஷிகசாய் பக்கம் புதிதாக வந்து இறங்குபவர்களோடு வார்டு அலுவலகம், வங்கி, கிளினிக் என்று அலைந்ததில் தெரிந்துகொண்டவை இவை. வேலை விசாவில் வருபவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. கிளம்பும் முன்: பெயரைத் தீர்மானியுங்கள்

நம் பெயர்தான் ஜப்பானில் நமக்கு முதல் சிக்கல். பல தமிழர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். ஜப்பானியப் படிவங்களில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம். ஒன்றைக் காலியாக விட்டால் இணையப் படிவம் நகராது. அப்பா பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று இப்போதே முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

அடுத்தது, வெளிநாட்டுப் பெயர்களை எழுத ஜப்பானியர் பயன்படுத்தும் கதகானா எழுத்தில் உங்கள் பெயர். செந்தில்குமார் என்பதை ஒருவர் "சென்திருகுமாரு" என்று எழுதுவார், இன்னொருவர் "செஞ்சிருகுமாரு" என்று எழுதுவார். இரண்டும் தவறில்லை. ஆனால் வங்கியில் ஒன்றும் அலுவலகத்தில் இன்னொன்றும் இருந்தால் சம்பளம் உங்கள் கணக்கில் ஏறாமல் திரும்பிப் போகும். வங்கிப் பரிமாற்றம் கதகானாப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஆகவே ஒரே ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீளப் பெயர் என்றால் படிவத்தில் இடம் போதாது. எந்த இடத்தில் வெட்டினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மருந்தில் கவனம் வேண்டும். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுவரவே கூடாது. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகள் ஒரு மாத அளவைத் தாண்டினால், யுன்யூ காகுனின்ஷோ என்ற இறக்குமதிச் சான்றை முன்கூட்டியே வாங்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்கிப் பெட்டியில் போடுபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

பணம்: முதல் சம்பளம் அடுத்த மாதம்தான் வரும் என்று வைத்துக்கொண்டு, இரண்டு மாதச் செலவுக்கான யென் கையில் இருக்கட்டும்.

2. விமான நிலையம்: கார்டை வாங்கியதும் படித்துப் பாருங்கள்

நரிதா, ஹனேதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் குடியேற்றக் கவுன்ட்டரிலேயே ரெசிடென்ஸ் கார்டு என்ற வசிப்பு அட்டையைத் தருவார்கள். அங்கேயே பெயர், பிறந்த தேதி, விசா வகை மூன்றையும் சரிபாருங்கள். இனி எல்லா அலுவலகமும் இந்த அட்டையைப் பார்த்துத்தான் எழுதும். இதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் அது பத்து இடத்துக்குப் பரவும்.

அன்று முதல் வெளியே போகும்போதெல்லாம் இந்த அட்டை கையில் இருக்க வேண்டும். 16 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இது சட்டப்படி கட்டாயம். இல்லாமல் பிடிபட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் விதிக்க முடியும்.

3. முதல் கூரை: பதிவு செய்ய முடிகிற முகவரி

நேராக வாடகை வீட்டுக்குள் போக முயலாதீர்கள். கைபேசி எண் இல்லாமல், சம்பளச் சீட்டு இல்லாமல் வீட்டுத் தரகரிடம் போனால் மறுப்புதான் வரும். முதலில் நிறுவன விடுதி, ஷேர் ஹவுஸ், மாத வாடகை அறை என ஏதாவது ஒன்றில் தங்குங்கள். பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த முகவரியை வார்டு அலுவலகத்தில் பதிய முடியுமா? ஹோட்டல் முகவரியில் பெரும்பாலும் முடியாது. இதைக் கேட்காமல் ஒரு மாதம் ஹோட்டலில் தங்கினால் அந்த மாதம் முழுக்க எந்த வேலையும் நகராது.

அப்புறம், அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். ஆங்கில எழுத்திலும் கதகானாவிலும். பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் இதை விட்டவர்கள் பட்ட பாடு அதிகம். வங்கி அட்டை பதிவுத் தபாலில் வரும். பெட்டியில் அந்தப் பெயர் இல்லையென்றால் அஞ்சல்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். நீங்கள் வீட்டில் இல்லாதபோது தபால் வந்தால் ஒரு சீட்டு விழும். தபால் நிலையத்தில் 7 நாள்தான் வைத்திருப்பார்கள், அதற்குள் மறு விநியோகம் கேட்க வேண்டும்.

4. வார்டு அலுவலகம்: 14 நாளுக்குள்

தங்குமிடம் அமைந்த 14 நாளுக்குள் வார்டு அல்லது நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ரெசிடென்ஸ் கார்டின் பின்புறம் முகவரியை அச்சிட்டுத் தருவார்கள். இது முடியாமல் கைபேசிக் கடைக்கோ வங்கிக்கோ போவது வீண்.

ஒரே நாளில், அதே கட்டடத்தில் முடிக்க வேண்டியவை: முகவரிப் பதிவு, ஜூமின்ஹ்யோ என்ற வசிப்பிடச் சான்றின் இரண்டு பிரதிகள், நிறுவனக் காப்பீடு இல்லாதவர்களுக்குத் தேசிய மருத்துவக் காப்பீடு. காப்பீட்டைத் தள்ளிப்போடுவதால் பணம் மிச்சமாகாது. நீங்கள் வசிக்கத் தொடங்கிய மாதத்திலிருந்தே கணக்குப் போட்டு வசூலிப்பார்கள்.

குப்பை அட்டவணையையும் வெள்ள அபாய வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். நிஷிகசாய் இருக்கும் எடோகவா வார்டு 2019இல் வெளியிட்ட வரைபடத்தின் அட்டையிலேயே, பெருவெள்ளம் வரும்போது இங்கே இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். வார்டின் நிலப்பரப்பில் சுமார் 70 சதவீதம் கடல் ஏற்றமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. நம்மவர்கள் அதிகம் வசிக்கும் வார்டு அது. வீடு தேடும் முன் அந்தத் தாளைப் பார்ப்பது நல்லது.

சில வாரத்தில் மை நம்பர் என்ற 12 இலக்கத் தனிநபர் அடையாள எண் தபாலில் வரும். அதற்கான அட்டைக்கு உடனே விண்ணப்பியுங்கள். 2024 டிசம்பர் 2 முதல் பழைய மருத்துவக் காப்பீட்டு அட்டைகள் புதிதாகத் தரப்படுவதில்லை. மை நம்பர் கார்டே அந்த வேலையைச் செய்கிறது. வேண்டாம் என்பவர்களுக்குத் தகுதிச் சான்று தருகிறார்கள். அட்டை இருந்தால் வசிப்பிடச் சான்றைப் பெரும்பாலான ஊர்களில் கொன்பினி என்ற சிறு பலசரக்குக் கடைகளில் உள்ள இயந்திரத்திலேயே அச்சிடலாம், வார்டு அலுவலக வரிசை மிச்சம்.

5. கைபேசி எண், அதன் பிறகு வங்கி

இந்த வரிசையை மாற்றாதீர்கள். வங்கி கேட்பது 070, 080, 090 எனத் தொடங்கும் பேசக்கூடிய எண்ணை. டேட்டா மட்டும் உள்ள சிம் உதவாது. வெளிநாட்டுக் கிரெடிட் கார்டையோ கொன்பினியில் பணம் கட்டுவதையோ ஏற்கும் சிம்மாகத் தேடி வாங்குங்கள். மலிவானது எது என்று பிறகு பார்த்து மாறிக்கொள்ளலாம்.

வங்கியில் அடிக்கடி கேட்கும் பதில், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்பது. வந்து ஆறு மாதம் ஆகாதவரை அந்நியச் செலாவணிச் சட்டம் பொதுவாக வெளிநாட்டில் வசிப்பவராகவே பார்க்கிறது. ஆனால் ஜப்பானில் உள்ள அலுவலகத்தில் வேலை செய்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். ஆகவே வேலை ஒப்பந்தத்தையோ பணிச் சான்றையோ கையோடு கொண்டுபோங்கள். நிறுவனம் சம்பளம் போடும் வங்கி எது என்று முதலில் கேளுங்கள். அந்தக் கிளையில் உங்கள் நிறுவனத்தைத் தெரிந்திருக்கும். அதுவும் நடக்காவிட்டால் அஞ்சல் வங்கியான யூச்சோ, மற்றவற்றைவிட எளிதாகத் திறக்கும்.

இணையப் படிவங்கள் தனித் தலைவலி. ஜப்பானியத் தட்டச்சில் ஒரே எழுத்துக்கு முழு அகலம், அரை அகலம் என்று இரண்டு வடிவம் உண்டு. பெயருக்கு முழு அகலக் கதகானா, கைபேசி எண்ணுக்கு அரை அகல எண்கள், முகவரியின் கதவு எண்ணுக்குச் சில இடங்களில் மறுபடி முழு அகலம். தவறினால் சிவப்பு எழுத்தில் பிழை வரும். ஏன் என்று பல தளங்கள் சொல்லாது. கைபேசியில் ஒரு குறிப்பைத் திறந்து உங்கள் பெயரை முழு அகலக் கதகானா, அரை அகலக் கதகானா, ஆங்கிலப் பெரிய எழுத்து என எல்லா வடிவத்திலும், முகவரியை ஜப்பானிய எழுத்திலும் சேமியுங்கள். இனி எந்தப் படிவத்திலும் தட்டச்சு செய்யாமல் அதிலிருந்து ஒட்டுங்கள். நான் பார்த்தவரை, புதியவர்களின் கோபத்தை உடனே குறைக்கும் வேலை இதுதான்.

6. நிரந்தர வாடகை வீடு

தொடக்கச் செலவு வாடகையின் நான்கு முதல் ஆறு மடங்கு வரை போகும். முன்பணம், வீட்டுக்காரருக்குத் திரும்பக் கிடைக்காத ரெய்கின், தரகு, உத்தரவாத நிறுவனக் கட்டணம், காப்பீடு, சாவி மாற்றும் செலவு என்று பட்டியல் நீளும். நம் ஊர் அட்வான்ஸ் போல எல்லாம் திரும்பி வரும் என்று நினைத்து வந்தவர்கள் இங்கே அதிர்ந்துபோகிறார்கள்.

மறுப்பைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீதி அமைச்சகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய ஐந்தாண்டில் வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 40 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். உங்கள் உடையோ பேச்சோ தோற்றமோ காரணம் என்று நினைத்து நொந்துகொள்ள வேண்டாம். தரகரிடம் உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக "கய்கோகுஜின் கா?" (வெளிநாட்டவருக்குத் தருவார்களா?) என்று கேட்டு, வெளிநாட்டவருக்குத் தருகிற வீடுகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். பத்து வீடு பார்த்து மனம் ஒன்றில் ஊன்றிய பிறகு மறுப்பைக் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இதைவிட நேரான வழி, யூஆர் என்ற அரசு சார்ந்த அமைப்பு வாடகைக்கு விடும் குடியிருப்புகள். ரெய்கின் இல்லை, தரகு இல்லை, உத்தரவாதி வேண்டாம், ஒப்பந்தம் புதுப்பிக்கக் கட்டணமும் இல்லை. வருமானம் அல்லது சேமிப்பு நிபந்தனை மட்டும் உண்டு. கட்டடங்கள் பழையவை, சில இடங்களில் வாடகை கொஞ்சம் கூடுதல். முதல் வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சாவி கையில் வந்த அன்று மூன்று வேலை. ஒன்று, பொருள் எதையும் உள்ளே வைக்கும் முன் சுவர், தரை, குளியலறை எல்லாவற்றையும் தேதியோடு படமெடுங்கள். காலி செய்யும்போது சரிசெய்யும் செலவு என்று ஒரு பில் வரும். இயல்பான தேய்மானம் வீட்டுக்காரர் பொறுப்பு என்று 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் திருத்தம் சொல்கிறது. ஆனால் முன்பே இருந்த கறை எது என்று காட்டப் படம் வேண்டும். சாமி படம் மாட்ட ஆணி அடிக்காதீர்கள். காலண்டர் மாட்டும் சிறு ஊசித் துளை தேய்மானத்தில் சேரும், ஆணி ஓட்டை உங்கள் செலவு. இரண்டு, எரிவாயு. அதைத் திறக்க ஊழியர் நேரில் வர வேண்டும், நீங்களும் வீட்டில் இருக்க வேண்டும். அதுவரை அடுப்பும் இல்லை, வெந்நீரும் இல்லை. மார்ச், ஏப்ரலில் ஊரே வீடு மாறும் என்பதால் ஒரு வாரம் முன்பே நேரம் குறித்துவிடுங்கள். மூன்று, விளக்கும் திரையும். பெரும்பாலான அறைகளில் விளக்குகூட இருக்காது. மாலை ஆறு மணிக்கு இருட்டில் நின்றுகொண்டு கடை தேடாதீர்கள்.

7. குப்பை

அண்டைவீட்டாரோடு உரசல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. விதி ஊருக்கு ஊர் மாறும். பக்கத்து வார்டில் இருக்கும் நண்பர் சொன்னதைக் கேட்டுச் செய்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உங்கள் வார்டு தந்த தாளை மட்டும் நம்புங்கள், அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்.

எரியும் குப்பை பொதுவாக வாரம் இரண்டு நாள். காலை எட்டு மணிக்குள் வைக்க வேண்டும், முந்தின இரவு வைக்கக் கூடாது. காக்கை பையைக் கிழித்துவிடும். பையில் இருக்கும் உறையில் உங்கள் பெயர் தெரியும். காக்கைக்காகப் போட்டிருக்கும் வலைக்கு அடியில் வையுங்கள். பிரிக்காத பையை எடுக்காமல், காரணம் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதை அப்படியே விடாமல் வீட்டுக்கு எடுத்துவந்து பிரித்து அடுத்த முறை வையுங்கள். அண்டைவீட்டார் கவனிப்பது நீங்கள் தவறு செய்ததை அல்ல, அந்தப் பை அங்கேயே கிடக்கிறதா என்பதை.

பெட் பாட்டிலுக்கு மூடியையும் உறைத்தாளையும் கழற்றி, அலசி வைக்க வேண்டும். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. கெட்டியாக்கும் தூளைச் சூடான எண்ணெயில் கலந்து ஆறவைத்தால் கட்டியாகும், எரியும் குப்பையில் போடலாம். பவர் பேங்க், லித்தியம் பேட்டரி எதையும் சாதாரணக் குப்பையில் சேர்க்காதீர்கள், குப்பை வண்டி தீப்பிடிக்கிறது.

டோக்கியோவின் 23 வார்டுகளில் 30 செ.மீ.க்கு மேற்பட்ட பொருள் பெருங்குப்பை. தொலைபேசியிலோ இணையத்திலோ நாள் பதிந்து, கொன்பினியில் கட்டண ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். டிவி, ஏசி, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் நான்கும் இதில்கூட வராது. தனி மறுசுழற்சிச் சட்டம் உண்டு, கட்டணமும் கூடுதல். ஊர் திரும்புபவர் இலவசமாகத் தருகிறார் என்று பழைய ஃப்ரிட்ஜை வாங்கும் முன் இதை யோசியுங்கள்.

8. சமையலறையும் சத்தமும்

ஊரிலிருந்து மிக்சியும் கிரைண்டரும் கொண்டுவருபவர்கள் கவனிக்க: இங்கே மின்னழுத்தம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்சி டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஓடாது. கிழக்கு ஜப்பானில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா இருக்கும் மேற்கில் 60 ஹெர்ட்ஸ். இந்திய மோட்டார் 50க்குச் செய்தது. தவிர டோக்கியோவின் சிறிய வீடுகளில் 20, 30 ஆம்பியர் ஒப்பந்தம்தான் இருக்கும். மிக்சியும் மைக்ரோவேவும் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடும். அந்த வீட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று மின் நிறுவனத்திடம் பேசும்போதே கேளுங்கள்.

தாளிக்கும்போது புகைபோக்கி விசிறி கட்டாயம் ஓடட்டும், பொதுத் தாழ்வாரம் பக்க ஜன்னலை மூடி வையுங்கள். வாசனைப் புகார் பெரும்பாலும் அந்த ஜன்னல் வழியாகத்தான் வரும். அடுப்புச் சுவரில் தகடோ எண்ணெய் தடுப்பு ஸ்டிக்கரோ ஒட்டுங்கள். சுத்தம் செய்யாமல் படிந்த எண்ணெயும் மஞ்சள் கறையும் தேய்மானமாகக் கருதப்படாது.

இரவில் துணி துவைப்பது, கிரைண்டர் போடுவது, நள்ளிரவில் ஊருக்கு ஸ்பீக்கரில் பேசுவது இவை மூன்றும் அடுத்த வீட்டுக்குத் தெளிவாகக் கேட்கும். நம் நேரம் இரவு பன்னிரண்டு என்றால் ஊரில் எட்டரை. பேச்சு அப்போதுதான் களைகட்டும். இயர்போன் போதும். புகார் உங்களிடம் நேரில் வராது, நிர்வாக நிறுவனத்தின் கடிதமாக வரும். உங்களுக்குப் புகார் இருந்தாலும் அதே வழியில் போங்கள், கதவைத் தட்டாதீர்கள். குடிவந்த வாரமே இரண்டு பக்க வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் சின்ன இனிப்புப் பெட்டியோடு போய் வணக்கம் சொல்லிவிட்டால் பின்னால் பல விஷயம் சுலபமாகும். பெருநகர அடுக்குமாடிகளில் இந்த வழக்கம் குறைந்துவருகிறது, ஆனாலும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதை நான் வற்புறுத்துவேன்.

9. சைவர்களுக்கு

"நிகு நாஷி", அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் போதாது. மீன் அதில் அடங்காது. உலர்ந்த கட்சுஓ மீனில் எடுக்கும் தாஷி என்ற சாறு மிசோ சூப்பிலும் உதோன் நூடுல்ஸ் குழம்பிலும் வேகவைத்த காய்கறியிலும் இருக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவர் கணக்கில் அது காய்கறி உணவுதான். எதையெல்லாம் சாப்பிடமாட்டீர்கள் என்று இறைச்சி, மீன், மீன் தாஷி, முட்டை, ஜெலட்டின், பன்றிக் கொழுப்பு எனத் தனித்தனியாக ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றை ஜப்பானிய நண்பரிடம் எழுதி வாங்கிக் கையில் வையுங்கள்.

கடைப் பொருளில் பொதியின் பின்புறம்தான் உண்மை இருக்கும். பன்றிக்கு புதா அல்லது போக்கு, மாட்டுக்கு கியூ அல்லது பீஃபு, கோழிக்கு தோரி அல்லது சிகின். இந்த எழுத்துகளைப் படமாகச் சேமித்து ஒப்பிடப் பழகுங்கள். நாம் சந்தேகிக்காத இடங்கள்: உருளைக்கிழங்கு சிப்ஸில் இறைச்சிச் சாறு, ரொட்டியில் பன்றிக் கொழுப்பு, தயிரில் ஜெலட்டின், ஜப்பானியக் கறிக் குழம்பு செய்யும் ரூ கட்டிகளில் மாட்டுக் கொழுப்பு. ஒரே பிராண்டில் ஒரு சுவை சரியாக இருந்து இன்னொன்று இல்லாமல் போகும்.

நிஷிகசாய், ஒகாசிமாசி, ஷின் ஒகுபோ மூன்று இடத்திலும் இந்தியப் பொருள்கள் கிடைக்கும். வேறு ஊரில் இருந்தால் இணையக் கடைகள் இருக்கின்றன. உளுந்தும் இட்லி அரிசியும் மொத்தமாக வாங்கினால் அனுப்பும் செலவு கட்டுப்படியாகும்.

10. உடம்புக்கு

நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போகாதீர்கள். கிளினிக்கின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் போனால் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைச் செலவுக்கு மேல் குறைந்தது 7,000 யென் தனியாகக் கட்ட வேண்டும். காப்பீடு இருந்தால் பெரியவர்களுக்குச் செலவில் 30 சதவீதம்தான் நம் பங்கு. பல கிளினிக்குகள் வாரநாளில் ஒரு பிற்பகல் மூடியிருக்கும். நல்ல உடம்போடு இருக்கும்போதே அருகில் இருப்பதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துச் சீட்டு எழுதிய நாளையும் சேர்த்து 4 நாள்தான் செல்லும். வார இறுதியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் மறுபடி மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆம்புலன்ஸுக்கு 119, போலீசுக்கு 110. ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று சந்தேகம் இருந்தால் டோக்கியோவில் #7119.

11. அலுவலகம்

இங்கே கூட்டத்தில் முடிவு எடுப்பதில்லை. கூட்டத்துக்கு முன்பே தனித்தனியாகப் பேசி ஒப்புதல் வாங்கிவிடுகிறார்கள். புதியவர் கூட்டத்தில் நல்ல யோசனையை எடுத்துவைத்து, எல்லோரும் மௌனமாக இருந்ததும் அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார். அது அவமதிப்பு இல்லை. முன்பே காட்டாததை அவர்களால் அங்கே ஆதரிக்க முடியாது. இரண்டு நாள் முன்பே ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கத் தாளைக் காட்டுங்கள்.

வேலை தாமதமாகும் என்று தெரிந்த நொடியே சொல்லுங்கள். முடித்துவிட்டுச் சேர்த்துச் சொல்லலாம் என்று காத்திருப்பதுதான் நம்மவர்கள் மீது வரும் முதல் புகார். தாமதத்தைவிட, தெரிந்தும் சொல்லாததுதான் அவர்களை வருத்துகிறது.

விடுப்பு: சட்டப்படி சம்பளத்தோடு கூடிய 10 நாள் விடுப்பு, ஆறு மாதம் வேலை செய்து, வேலை நாளில் 80 சதவீதம் வந்த பிறகுதான் கிடைக்கும். மே மாதம் சேர்ந்தவருக்கு அந்தத் தீபாவளிக்குச் சில நேரம் ஒரு நாள்கூட இருக்காது. சில நிறுவனங்கள் முன்கூட்டியே தரும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள். கிடைத்த பிறகு எடுக்கத் தயங்காதீர்கள். 10 நாள் உள்ளவர்கள் ஆண்டுக்கு 5 நாளாவது எடுக்குமாறு பார்ப்பது 2019 ஏப்ரல் முதல் நிறுவனத்தின் கடமை.

12. இரண்டாம் ஆண்டு ஜூன் மாதம்

வசிப்பிட வரி முந்தைய ஆண்டு வருமானத்தின் மேல் போடப்படும், ஜூனில் பிடித்தம் தொடங்கும். 2025 ஏப்ரலில் வந்தவருக்கு 2026 ஜூனில்தான் முதல் பிடித்தம்; வரிக்குரிய வருமானத்தில் சுமார் 10 சதவீதம். கையில் வரும் சம்பளம் திடீரென்று குறைந்ததும் அலுவலகத்தில் தவறு நடந்துவிட்டது என்று பதறுகிறார்கள். முதல் ஆண்டுச் சம்பளத்தை வைத்துப் பெரிய வீடோ கடன் தவணையோ ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பெற்றோருக்கு ஊரில் பணம் அனுப்புகிறீர்கள் என்றால் அவர்களைச் சார்ந்தவர்களாகக் காட்டி வரியைக் குறைக்க முடியும். 2023 முதல் விதி இறுகிவிட்டது: வெளிநாட்டில் இருக்கும் 30 முதல் 69 வயதுக்குட்பட்டவருக்கு, மாற்றுத்திறனாளி போன்ற விலக்கு இல்லாவிட்டால், ஆண்டுக்குத் தலா 3,80,000 யென்னாவது அனுப்பியிருக்க வேண்டும். அப்பா கணக்குக்கு மொத்தமாக அனுப்பினால் அம்மாவுக்குக் கணக்கில் வராது. இருவருக்கும் தனித்தனியாக அனுப்பி ரசீதை வையுங்கள். உறவுச் சான்றும் அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பும் வேண்டும்.

13. வரிசையால் தீராதவை

ரயிலில் கூட்டம் நெருக்கும்போதும் உங்கள் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருக்கும். தினம் நடக்காது, ஆனால் நடக்கும். சிலர் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று கூச்சப்படுகிறார்கள். சிலர் விலகியே போகிறார்கள். எது எது என்று தினமும் ஆராய்ந்தால் மனம் தேய்ந்துவிடும். இதை ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்கு வலித்தால் அது வலிதான். அதைச் சொல்லிக்கொள்ள வாரம் ஒருமுறையாவது தாய்மொழியில் பேசும் ஆள் வேண்டும். வேலை, அறை, கைபேசி என்றே இருப்பவர்கள்தான் குளிர்காலத்தில் உடைந்துபோகிறார்கள்.

போலீஸ் நிறுத்தினால் கார்டைக் காட்டுங்கள், கேட்டால் காட்டுவது சட்டக் கடமை. எதற்காக நிறுத்தினீர்கள் என்று பணிவாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சைக்கிள் ஓட்டும்போது நிறுத்துவது அதிகம். வாங்கிய கடையிலேயே திருட்டுத் தடுப்புப் பதிவு செய்து சீட்டை வைத்திருங்கள். நண்பரின் சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டினால் பதிவு வேறு பெயரில் இருக்கும், கோபான் என்ற தெருமுனைக் காவல் நிலையத்தில் அரைமணி நேரம் விளக்க வேண்டிவரும். தோற்றத்தை வைத்தே நிறுத்துகிறார்கள் என்று வெளிநாட்டுப் பின்னணி கொண்ட மூன்று பேர் 2024 ஜனவரியில் டோக்கியோவில் வழக்கே தொடுத்தார்கள். உங்கள் கற்பனை அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

நேரடியான பாகுபாட்டுக்கு எதிராகத் தனியாரைத் தண்டிக்கும் முழுமையான தேசியச் சட்டம் இங்கே இல்லை. நீதிமன்றம் உதவியதுண்டு: ஒடாரு நகரில் வெளிநாட்டவரை உள்ளே விடாத வெந்நீர்க் குளியலகம் மூன்று பேருக்குத் தலா 10 லட்சம் யென் தர வேண்டும் என்று 2002இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏதாவது நடந்தால் அன்றே தேதி, இடம், சொன்ன வார்த்தை மூன்றையும் எழுதி வையுங்கள். டோக்கியோவின் யோட்சுயாவில் 2020 முதல் இயங்கும் வெளிநாட்டவர் உதவி மையத்தில் விசா, வேலை, சட்டம், மனித உரிமை என்று ஒரே இடத்தில் கேட்கலாம்.

14. ஊருக்குப் போய் வருவதும், ஒரேயடியாகக் கிளம்புவதும்

விடுமுறைக்கு ஊர் போகும்போது விமான நிலையத்தில் தரும் வெளியேறும் அட்டையில் சிறப்பு மறுநுழைவுக் கட்டத்தில் குறி போட்டு ரெசிடென்ஸ் கார்டைக் காட்டுங்கள். ஓராண்டுக்குள், விசா முடிவதற்குள் திரும்ப வேண்டும். குறி போட மறந்து வேறு அனுமதியும் இல்லாமல் வெளியேறினால் வசிப்புரிமையே போய்விடும். தாத்தா இறந்த செய்தி கேட்டு அவசரமாக ஓடும்போதுதான் இது தவறும். குடும்பத்தில் எல்லோருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்.

விசாவைப் புதுப்பிக்க முடிவுத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வேலை மாறினால் 14 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு அறிவிக்க வேண்டும். இதை விட்டவர்களுக்கு அடுத்த புதுப்பிப்பில் குறைந்த ஆண்டு கிடைக்கலாம்.

முழுவதுமாகக் கிளம்புவதானால் வீட்டுக்கு ஒப்பந்தத்தில் சொன்னபடி முன்னறிவிப்பு, பெரும்பாலும் ஒரு மாதம். பெருங்குப்பைக்கு நாள் கிடைக்கத் தாமதமாகும், அதை முதலில் பதியுங்கள். வார்டு அலுவலகத்தில் வெளியேறும் பதிவு செய்யுங்கள். ஜனவரி 1 அன்று ஜப்பானில் வசித்திருந்தால் அந்த ஆண்டு வசிப்பிட வரியும் உங்கள் தலையில்தான்.

ஓய்வூதியத்துக்குக் கட்டிய பணத்தில் ஒரு பகுதியை, பத்தாண்டுக்குக் குறைவாகக் கட்டியவர்கள் ஜப்பானில் முகவரி நீங்கிய இரண்டு ஆண்டுக்குள் மொத்தமாகக் கேட்டு வாங்கலாம். இந்தியக் குடிமக்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இரு நாட்டுச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இங்கே கட்டிய காலத்தை இந்தியக் காலத்தோடு சேர்க்க முடியும். மொத்தமாகப் பணம் வாங்கிவிட்டால் அந்தக் காலம் சேராது. மறுபடி ஜப்பான் வரும் எண்ணம் இருக்கிறதா என்று யோசித்து முடிவெடுங்கள். நிறுவன ஓய்வூதியத்திலிருந்து வாங்கும் தொகையில் 20.42 சதவீதம் வரி பிடிப்பார்கள். அதைத் திரும்பக் கேட்க ஜப்பானில் வசிக்கும் ஒருவர் உங்கள் வரிப் பிரதிநிதியாக வேண்டும். விமானம் ஏறும் முன்பே அவர் பெயரை வரி அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் போங்கள்.